பன்னிரண்டு மரங்களின் கணக்கு நோட்டு

எங்கள் தோப்பு கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆறு ஏக்கர், 240 மரம். பத்து மீட்டருக்கு ஒன்றென்று அப்பா கயிறு பிடித்து வைத்தவை. முக்கால்வாசி பெங்களூரா. வெளியூரில் தோத்தாபுரி என்பார்கள், கிளிமூக்கு என்பார்கள். மீதி நீலமும் செந்தூராவும். கிணற்றோரம் நாலு அல்போன்சா.

2021-இல் அப்பா போன பிறகு தோப்பு என் பொறுப்புக்கு வந்தது. அதற்கு முன் 14 வருஷம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதினேன். அங்கே மூட்டை உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. நடுவில் குறைந்தது உமியா, தவிடா, குருணையா, ஈரமா என்று அன்று சாயங்காலத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். எழுதாமல் வீட்டுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது.

தோப்புக்கு வந்ததும் முதலில் உறுத்தியது இதுதான். இங்கே அப்படி ஒரு கணக்கே இல்லை. இந்த வருஷம் எவ்வளவு காய்த்தது என்றால் “நல்லாக் காய்ச்சுது” என்பார்கள். எவ்வளவு வீணாச்சு என்றால் “கொஞ்சம் போச்சு.” அந்தக் கொஞ்சம் பத்துக் கிலோவா, பத்து டன்னா, யாருக்கும் தெரியாது. மாம்பழக் கூழ் ஆலையில் போட்ட எடைச்சீட்டு மட்டும்தான் காகிதம். விற்றதற்குச் சீட்டு உண்டு, அழுகியதற்குக் கிடையாது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருபது வருஷத்துச் சீட்டுகள் ரப்பர் பேண்டு போட்டு இருக்கின்றன. எல்லாம் விற்றவை.

அதனால் 2024 சீசனுக்கு முன்னால் 850 ரூபாய்க்கு ஒரு தொங்கு தராசு வாங்கினேன். கொக்கி வைத்தது, 50 கிலோ வரை காட்டும். ஒரு குயர் நீள நோட்டு ஒன்று. பாதையோரத்திலிருந்து தொடர்ச்சியாகப் பன்னிரண்டு பெங்களூரா மரங்களை எடுத்துக்கொண்டு அடிமரத்தில் சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டேன். காய் கைப்பிடி அளவு வந்ததிலிருந்து கடைசிக் காய் இறங்கும் வரை அந்த மரங்களில் நடக்கும் ஒவ்வொன்றையும் எடை போடுவது என்று முடிவு.

எங்கள் மேஸ்திரி மாமா அப்பா காலத்திலிருந்து காய் இறக்குகிறவர். கிரேட்டைத் தராசில் மாட்டி நான் மீன் பிடிக்கிறவள் போலத் தூக்கிப் பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “விழுந்த காயைப் போய் எதுக்கும்மா எடை போடுற? அதை யாரு வாங்கப் போறா?”

“யாரும் வாங்கலைன்னுதான் மாமா எழுதுறேன்” என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆனாலும் கிரேட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். காலிக் கிரேட் 1 கிலோ 800 கிராம். அதைக் கழித்து எழுத வேண்டும் என்பது இரண்டாவது நாளே அவருக்கு மனப்பாடம்.

அந்த வருஷத்துக் கணக்கை இங்கே அப்படியே தருகிறேன்.

பன்னிரண்டு மரத்திலும் சேர்த்து மொத்தம் 1,164 கிலோ. அதில் ஏப்ரல், மே காற்றிலும் ஆலங்கட்டியிலும் விழுந்தது 131 கிலோ. பழ ஈ குத்தியும் அழுகியும் மரத்திலேயே கெட்டது 58. காய் இறக்கும்போது அடிபட்டது 74. லாரியில் ஏற்றியது 901. ஆலை வாசலில் 31 மணி நேரம் வரிசையில் நின்று, கழிவு போக எனக்குக் காசு கிடைத்தது 812 கிலோவுக்கு. அதாவது வாசலில் போனது 89 கிலோ. எல்லாம் சேர்த்து 352 கிலோ. நூற்றுக்கு முப்பது.

இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். இறக்கும்போது அடிபட்ட 74 கிலோவில் பெரும்பகுதி இரண்டே நாளில் நடந்தது. அன்று ஆலையிலிருந்து போன் வந்தது, “இன்னிக்கு ராத்திரிக்குள்ள லோடு வந்தா எடுத்துக்கறோம், நாளைக்குன்னா தெரியாது.” வலை கட்டிய துறட்டி எங்களிடம் மூன்றுதான் இருந்தது. ஆள் எட்டுப் பேர். மீதி ஐந்து பேர் கிளையை உலுக்கினார்கள். தார்ப்பாய் விரித்திருந்தோம், இருந்தாலும் இருபதடி உயரத்திலிருந்து விழும் காய் தார்ப்பாயின் மேல் விழுந்தாலும் காயம் காயம்தான். வெளியே தெரியாது. மூன்றாம் நாள் விரலை வைத்தால் உள்ளே இறங்கும். காம்போடு அறுத்தால் பால் காம்பிலேயே நின்றுவிடும். காம்பு அடியோடு ஒடிந்தால் பால் பீய்ச்சிக்கொண்டு தோலில் வழிந்து, வழிந்த தடம் முழுக்கக் கறுத்துவிடும். ஒரு விரற்கடைக் காம்பு விட்டு அறுக்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவசரத்தில் செய்ய முடிவதில்லை. ஆக, அந்த 74 கிலோவும் ஒரு போன் காலில் போனது என்றுதான் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

வாசலில் நின்ற 31 மணி நேரத்தை நான் கூடவே இருந்து பார்த்தேன். எங்களுக்கு முன்னால் 64 வண்டி. ஜூன் மாத வெயில், தார்ப்பாய் மூடிய லாரி. கையை உள்ளே விட்டால் கொதிநீர்ப் பாத்திரத்தின் ஆவி மாதிரிச் சூடு. பழம் மூச்சு விடும், அந்த மூச்சில் வரும் எத்திலீன் பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும், பழுக்கப் பழுக்கச் சூடு ஏறும். அடித்தட்டில் இருப்பது மேல் பாரத்தில் நசுங்கிச் சாறு ஒழுக ஆரம்பித்தது இரண்டாம் நாள் காலையில். லாரியின் பின்கதவு இடுக்கில் மஞ்சளாகச் சொட்டியது. அதற்குக் கீழே நான் ஒரு வாளி வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இப்போது யோசித்தால், அதையும் எடை போடத்தான். 6 கிலோ 400.

நோட்டு முடிந்த பிறகுதான் நாடு முழுவதுக்கும் எடுத்த கணக்கைத் தேடிப் படித்தேன். லூதியானாவில் இருக்கும் மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவனம் 120 மாவட்டங்களில் 45 விளைபொருள்களுக்கு எடுத்து 2015-இல் வெளியிட்டது. மாம்பழத்துக்கு 9.16 சதவீத இழப்பு. கொய்யாவுக்கு 15.88, தக்காளிக்கு 12.44. எல்லா விளைபொருளும் சேர்த்து அன்றைய விலையில் வருஷத்துக்கு 92,651 கோடி ரூபாய். பிறகு நபார்டு வங்கியின் ஆலோசனை நிறுவனமான நாப்கான்ஸ் 2022-இல் எடுத்த கணக்கில் பழங்களின் இழப்பு 6.02 முதல் 15.05 சதவீதம் வரை.

ஒன்பது எங்கே, என்னுடைய முப்பது எங்கே? முதலில் நான்தான் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரி. வித்தியாசம் எங்கிருந்து தொடங்கி எண்ணுகிறோம் என்பதில் இருந்தது. அந்தக் கணக்குகள் அறுவடையில் தொடங்குகின்றன. காற்றில் விழுந்ததும் ஈ குத்தியதும் அறுவடைக்கு முன்னால் நடந்தவை, அதனால் அதில் வராது. நானும் அப்படியே தொடங்கிப் பார்த்தால் 975 கிலோவில் 163 போயிருக்கிறது, கிட்டத்தட்ட 17 சதவீதம். அதுவும் ஒன்பதை விட அதிகம், ஆனால் ஒரு தோப்பு, ஒரு வருஷம், ஒரு மோசமான வரிசை. நாட்டுச் சராசரியோடு சண்டை போட அது போதாது. அந்தக் கணக்கை எடுத்தவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது. 120 மாவட்டங்களில் களத்துமேட்டிலும் மண்டியிலும் போய் அளப்பது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு தொங்கு தராசோடு மூன்று மாதம் நின்றவளுக்குத் தெரியும்.

ஆனால் அறுவடையில்தான் தொடங்கும் என்ற அந்த விதி 2025-இல் என்ன செய்தது என்று பாருங்கள்.

2025-இல் மரம் தாங்காமல் காய்த்தது. ஆலைகளில் முந்தின வருஷத்துக் கூழே டிரம் டிரம்மாகத் தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். பெங்களூராவுக்கு விலை கிலோ ஐந்து ரூபாய்க்கு வந்தது, சில நாள் நாலு. ஆந்திராவில் அரசு 12 ரூபாய் என்று அறிவித்தது, ஆலை 8, அரசு 4. சித்தூர் மாவட்டத்துக்குள் வெளிமாநிலப் பெங்களூரா வரக் கூடாது என்று தடையும் போட்டார்கள். கர்நாடகத்துக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் கணக்கில் இரண்டரை லட்சம் டன் வரை விலை வித்தியாசம் தர ஒத்துக்கொண்டது. எங்கள் மாவட்டத்தில் விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள்.

எனக்கு இறக்குகூலி, ஏற்றுகூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு மூன்றே முக்கால் ரூபாய் ஆனது. வாசலில் இரண்டு நாள் நின்றால் வாடகை இன்னும் ஏறும். முதல் இரண்டு லோடு அனுப்பினேன். மூன்றாவதுக்கு ஆள் கூப்பிடவில்லை. “விட்டுடலாம் மாமா” என்று மேஸ்திரி மாமாவிடம் சொன்ன அன்று அவர் ஒன்றும் பேசாமல் துறட்டிகளைக் கொட்டகையில் சாத்திவிட்டுப் போனார்.

அதன் பிறகு மூன்று வாரம் பன்னிரண்டு மரத்தடியிலும் தினமும் காலையில் விழுந்ததைப் பொறுக்கி எடை போட்டேன். அது போல ஒரு வேலையை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. முதல் வாரம் பழ வாசனை. இரண்டாம் வாரம் கள் வாசனை. மூன்றாம் வாரம் அழுகல். குளவியும் ஈயும் மொய்த்துக் கிடந்ததைக் கையுறை போட்டுக்கொண்டு வாரினேன். சில பழங்கள் தூக்கும்போது தோல் கையில் நிற்கும், சதை தரையில் விழும். அதையும் மண்வெட்டியால் வழித்துப் போட்டேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன் மாட்டுக்கு என்று நாலு கூடை வாங்கிப் போனார். ஒரேயடியாகத் தின்றதில் மாட்டுக்கு வயிறு ஊதி, டாக்டர் வந்து ஊசி போட வேண்டியதாயிற்று. இனிப்புப் பழத்தை மாடு அளவில்லாமல் தின்றால் இரைப்பையில் அமிலம் ஏறிவிடுமாம். அன்றிலிருந்து யாருக்கும் மாட்டுக்கென்று கொடுக்கவில்லை.

2025 கணக்கு: மொத்தம் 1,310 கிலோ. விற்றது 402. சொந்தக்காரர், அக்கம்பக்கம், அம்மா போட்ட வத்தல் எல்லாம் 60. மண்ணுக்குப் போனது 848 கிலோ. நூற்றுக்கு 65.

இந்த 848 கிலோ எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் அதை அறுவடை செய்யவில்லை, ஆகவே அது அறுவடைக்குப் பிந்தைய இழப்பு ஆகாது. அது எந்தக் கடைக்கும் எந்த வீட்டுக்கும் போகவில்லை, ஆகவே உணவு வீணடிப்பும் ஆகாது. ஐ.நா. 2030-க்குள் உணவு வீணாவதைப் பாதியாக்க வேண்டும் என்று வைத்திருக்கும் இலக்குக்கு இரண்டு அளவுகோல் இருக்கிறது. ஒன்று உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு பார்க்கும் இழப்புக் குறியீடு, அறுவடைக்குப் பிறகு தொடங்கிக் கடைக்கு முன்னால் முடியும். இன்னொன்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் என்ற அமைப்பு பார்க்கும் வீணடிப்புக் குறியீடு, கடை, ஓட்டல், வீடு. அதன் 2024 அறிக்கைப்படி 2022-இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்தியாவில் வீடுகளில் மட்டும் ஆளுக்கு வருஷம் 55 கிலோ. எல்லாரும் நம் வீட்டுக் குப்பைக்கூடையைப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். மரத்தடியைப் பேசியவர்கள் குறைவு. 2021-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட ஆய்வு ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. அறுவடைக்குச் சற்று முன்னும், அறுவடையின்போதும், அதற்குப் பிறகும் நிலத்திலேயே போவது உலகில் வருஷத்துக்கு 120 கோடி டன் என்று அது சொன்னது. வீடு, கடை, ஓட்டல் மூன்றையும் சேர்த்ததை விட அதிகம்! அதைப் படித்த ராத்திரி என் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்ணாததற்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். அரிசி ஆலையில் எனக்குத் தெரிந்த முதல் பாடம் அது. குருணை எவ்வளவு என்று எழுத ஆரம்பித்த பிறகுதான் முதலாளி உமி நீக்கும் ரப்பர் உருளையை மாற்றினார்.

இனி நான் ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். மாம்பழத்துக்கு ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடந்திருக்கிறது, அதுவும் நம் ஊர் சம்பந்தப்பட்டு. ஹெக்ஸனால் என்று ஒரு பொருள். புல்லை அறுத்தால் பச்சை வாசனை ஒன்று வருமே, அதில் இருப்பது. செடிகள் தாமாகவே உண்டாக்குவது. பழம் பழுக்கும்போது அதன் செல் சுவரை ஒட்டிய சவ்வை ஃபாஸ்போலிபேஸ் டி என்ற நொதி அரிக்க ஆரம்பிக்கும், பழம் இளகும். ஹெக்ஸனால் அந்த நொதியைத் தடுத்து வைக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கண்டது இது. அதை மாம்பழத்துக்குக் கொண்டுவர அவர்களோடு கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், இலங்கையின் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமும் சேர்ந்தன. பணம் கனடா அரசும் அந்நாட்டின் ஐ.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிதி அமைப்பும் கொடுத்தன. இரண்டாம் கட்டத்தில் கென்யா, தான்சானியா, டிரினிடாட் எல்லாம் சேர்ந்தன. 2018-இல் அந்த நிதித் திட்டம் முடிந்தது.

அறுவடைக்கு 30 நாள் முன்பு ஒரு தரம், 15 நாள் முன்பு ஒரு தரம் தெளித்தால் காய் மரத்திலேயே மூன்று வாரம் வரை கூடுதலாக நிற்கும் என்று கண்டார்கள். இதை முதன்முதலில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ஒருவர் சொல்லக் கேட்டேன். அப்போது அப்பா இருந்தார். பழம் கடையில் நாலு நாள் கூட நிற்கும் போல, ஏற்றுமதிக்காரனுக்கு ஆகும் என்று நினைத்து விட்டுவிட்டோம்.

ஆலை வாசலில் 31 மணி நேரம் நின்ற பிறகுதான் அந்த மூன்று வாரத்தின் அர்த்தம் எனக்கு உறைத்தது. இந்த மாவட்டத்தில் முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் மா. பெரும்பகுதி ஒரே ரகம். ஜூனில் ஒரே சமயத்தில் முற்றும். ஒரே சமயத்தில் எல்லாரும் இறக்குவதால்தான் 64 வண்டி வரிசை. பாதி மரத்துக்குத் தெளித்து, பாதியை மூன்று வாரம் தள்ளிப் போட முடிந்தால் வரிசை பாதியாகும். ஆளும் துறட்டியும் போதும், உலுக்க வேண்டாம். 74 கிலோவும் 89 கிலோவும் மிஞ்சும். விலை ஐந்து ரூபாய்க்குப் போகும்போது மரத்திலேயே வைத்து மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கலாம். எல்லாரும் எல்லா மரத்துக்கும் தெளித்தால் வரிசை ஜூலைக்குப் போகும், அவ்வளவுதான். அதனால் இது தோப்புக்குத் தோப்பு பேசி வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியம். அந்தப் பேச்சை நடத்த ஒரு மனிதர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும்.

இந்த சீசனுக்கு அந்த மருந்து வேண்டும் என்று பக்கத்து டவுனில் மூன்று பூச்சிமருந்துக் கடைகளில் கேட்டேன். ஒருவருக்கும் பெயரே தெரியவில்லை. ஒரு கடைக்காரத் தம்பி, “அக்கா, எழுதிக் குடுங்க, சேலத்துல கேட்டுப் பாக்குறேன்” என்று வாங்கி வைத்தார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. கண்டுபிடிக்க ஒரு காசு, அதைக் கடை அலமாரி வரை கொண்டுவர இன்னொரு காசு. முதல் காசு தருகிறவர்கள் இரண்டாவதைத் தருவது அரிது. அதிலும் நிதித் திட்டம் என்றால் மூன்று வருஷம், நாலு வருஷம். மா மரமோ அல்போன்சா மாதிரி ரகங்களில் ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் ஓய்வெடுக்கும். மூன்று வருஷத் திட்டம் அந்த மரத்தைக் காய்த்து ஒருமுறையோ இருமுறையோதான் பார்க்கும். மரத்தின் வயசுக்குத் தக்கபடி நிதி கொடுக்க ஒரு அமைப்பாவது முன்வர வேண்டும், பத்து வருஷத்துக்கு. இதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இயந்திரம் வாங்கக் காசு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2020-இல் வந்த சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு பத்து லட்சம். நம் பங்கு பத்து சதவீதம், மீதி வங்கிக் கடன். நானும் விண்ணப்பித்திருக்கிறேன், காற்றில் விழும் காயை வத்தலாகவும் பொடியாகவும் போட ஒரு உலர்த்தி வேண்டும் என்று. அம்மா 2024-இல் விழுந்த காயில் 90 கிலோவைக் கீறி, உப்பில் புரட்டி, மாடியில் எட்டு நாள் காயப்போட்டு 10 கிலோ வத்தல் எடுத்தாள். கிலோ 250 ரூபாய்க்குப் போயிற்று. ஆறாம் நாள் மழை வந்து, நடுராத்திரி இரண்டு பேரும் டார்ச் அடித்துக்கொண்டு பாயைச் சுருட்டினோம். உலர்த்தி இருந்தால் அந்த ராத்திரி இல்லை. வங்கியில் விண்ணப்பத்தோடு நோட்டின் நகலையும் வைத்தேன். மூலப்பொருள் வருஷத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கட்டத்தில் எல்லாரும் உத்தேசமாக எழுதுவார்களாம். நான் மரவாரியாக, தேதிவாரியாகக் கொடுத்தேன். வங்கி மேலாளர் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை நானே வச்சுக்கலாமா?” என்று கேட்டார். கடன் இன்னும் வரவில்லை, வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு இயந்திரத்துக்குப் பத்து லட்சம் மானியம் தர முடிகிற இடத்தில் நான் கேட்பது இதுதான். ஒரு மாவட்டத்தில் நூறு தோப்புக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு தராசும் நோட்டும், சீசனுக்கு ஆறாயிரம் ரூபாய் கூலியும் கொடுங்கள். ஆறு லட்சமும் தராசுச் செலவும். நூறு தோப்பில் எது எங்கே எப்போது போகிறது என்று கிலோ கணக்கில் தெரிந்துவிடும். உலர்த்தி எத்தனை வேண்டும், துறட்டி எத்தனை வேண்டும், ஆலை வாசலில் நிழற்கூரை போட்டால் எத்தனை டன் மிஞ்சும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு ஊகிக்க வேண்டியதில்லை. எங்கள் கணக்கில் ஒரு வலைத் துறட்டி 400 ரூபாய். ஐந்து துறட்டி கூட இருந்திருந்தால் 74 கிலோவில் பாதியாவது மிஞ்சியிருக்கும். எந்த மானியப் பட்டியலிலும் துறட்டியை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் நோட்டால் தெரிந்தது. 2024-இல் ஈ குத்திய காயை 58 கிலோ என்று எழுதினேன் அல்லவா, அதை அப்படியே மரத்தடியில் விட்டிருந்தேன். அழுகிய பழத்துக்குள் இருக்கும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்து ஈயாக எழும். 2025-இல் அதே மரங்களில் ஈ குத்தியது கூடியது. ஏழாம் நம்பர் மரத்தில் மட்டும் இரண்டு மடங்கு. இப்போது விழுந்ததை எல்லாம் இரண்டடிக் குழியில் போட்டு மூடுகிறோம். மரத்துக்கு மரம் ஆண் ஈயை இழுக்கும் பொறியும் கட்டப் போகிறேன்.

நோட்டை ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பொறுமையாகப் பார்த்தார். “பாதையோரத்துப் பன்னிரண்டும் ஒரே வரிசையில் எடுத்திருக்கீங்கம்மா. ஓரத்து மரத்துக்குக் காத்து அதிகம், தூசி அதிகம். தோப்பு முழுக்க இப்படித்தான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது” என்றார். அவர் சொன்னது நியாயம். என் முப்பது சதவீதமும் அறுபத்தைந்தும் தோப்பு முழுக்கப் பொருந்தும் என்று இனி சொல்ல மாட்டேன்.

அதனால் இந்த வருஷம் 240 மரத்துக்கும் நம்பர் போட்டாயிற்று. பொங்கல் லீவில் வந்த தம்பி மகள் நம்பர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, அம்மாவின் அரிசிப் படியில் போட்டுக் குலுக்கி இருபது எடுத்தாள். பாதையோரத்தில் மூன்று, நடுவில் பதினொன்று, கிணற்றுப்பக்கம் ஆறு வந்திருக்கிறது. பழைய ஏழாம் நம்பர் மரம் சீட்டில் வரவில்லை. அதையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று எனக்கு ஆசை, ஆனால் சேர்த்தால் சீட்டுக்கு அர்த்தமில்லை.

இப்போது பூ. தோப்புக்குள் போனால் தலை முடியெல்லாம் மகரந்தம். தத்துப்பூச்சி இந்த வருஷம் குறைவு. நேற்று சாயங்காலம் மேஸ்திரி மாமா கொட்டகையிலிருந்து தராசை எடுத்து, பேட்டரி போட்டு, ஒரு காலிக் கிரேட்டை மாட்டிப் பார்த்தார். “ஒன்னு எண்ணூறு காட்டுதும்மா, சரியா இருக்கு” என்று சொல்லி மறுபடி மாட்டி வைத்தார். பக்கத்து ஊர்களில் மா வைத்திருப்பவர்கள் யாராவது இந்த சீசனில் நாலு மரமாவது எடை போட நினைத்தால் எழுதுங்கள், நோட்டில் கோடு போட்ட மாதிரியை அனுப்புகிறேன். காய் கைப்பிடி அளவு வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.